டிரெசர் வைத்த இரண்டு ஜாடிகள்

ஜப்பான்காரன் வருமுன்னே வெள்ளைக்கார டாக்டர் ஓடிவிட்டதால், மலாயாவில் பாலிங் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரிக்கு, புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசர் துரைசிங்கம்தான் எல்லாம். மருந்து இல்லை, நேரம் மட்டும் நிறைய இருந்தது. யாழ்ப்பாணத்தில் படித்ததையெல்லாம் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மனிதனும் குரங்கும் ஒரே வம்சம் என்று அவர் சொன்ன அன்று, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த மருதம்மாள் அகப்பையை நிறுத்தினாள். கணவனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு ஆஸ்பத்திரிச் சமையலுக்கு வந்தவள்.

"அது உங்க யாழ்ப்பாணத்துல இருக்கும் ஐயா. எங்க பக்கம் அப்படி இல்ல."

வார்டே சிரித்தது. சுருக்கென்றது துரைசிங்கத்துக்கு. குரங்கை விட்டுவிட்டு, உயிரில்லாததிலிருந்து உயிர் தானாக வராது என்று ஆரம்பித்தார்.

"கருவாட்டுல புழு தானாத்தானே வருது?" என்றாள் மருதம்மாள்.

"அது ஈ இடுற முட்டை. வைச்சுக் காட்டுறன், நீரே பாரும்."

உப்புக் கிடைக்காத காலம். கோத்தா கோலா மூடா கடற்கரையிலிருந்து வந்த அரை உப்புக் கருவாட்டில் தன் பங்கை இரண்டு கண்ணாடி ஜாடிகளில் போட்டார். ஒன்றைத் திறந்து வைத்தார். மற்றதன் வாயைக் கொசுவலைத் துணியால் கட்டினார். நான்கு நாள், நோயாளிகளைவிட ஜாடிகளையே அதிகம் எட்டிப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் பகலெல்லாம் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை. மாலையில்தான் எல்லாரையும் கூட்டினார். திறந்த ஜாடியில் புழு நெளிந்தது. துணி கட்டியது காலி.

"எங்கை கருவாடு?"

"புழு இல்லாம நல்லா இருந்துச்சு ஐயா. மத்தியானம் மரவள்ளியோட குழம்பு வச்சேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்களே."

ஆதாரம் தன் வயிற்றுக்குள் இருப்பது துரைசிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. கோபப்படப் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது.

"அப்ப, புழு தானா வரேல்லை எண்டு ஒத்துக்கொள்ளுறீரோ?"

"ஒத்துக்கறேன். ஈதான் போடுது. அப்ப முத ஈயை எது போட்டுச்சு?"

கட்டிலில் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"அது எனக்குத் தெரியேல்லை."

அந்தத் தோட்டத்துக்கு வந்த பதினொரு வருஷத்தில் டிரெசர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மருதம்மாளுக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்க ஐயா. எனக்கும் தெரியாதுதான்."

மறுநாள் முதல் அவள் கஞ்சிப் பானையைத் துணி கட்டி மூடினாள். அந்த மாதம் வார்டில் வயிற்றுப்போக்கு குறைந்தது. மருந்தில்லாமலே டிரெசர் ஆளைப் பிழைக்க வைக்கிறார் என்று தோட்டமெங்கும் பேச்சு. அவரிடமே யாராவது கேட்டால், "மருதம்மாளைக் கேளுங்கோ" என்பார். ஆனால் உடனே சொல்லமாட்டார். புகழ்ச்சியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான்.