மெதுவாக மிதித்தால் வரும் குரல்

றேடியோவில் ஒரு பாட்டுக்காரர் இளவயதில் செத்துப்போனார் என்று சொன்னால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அந்த ஆளை நான் கண்டிருக்கமாட்டேன். அவருடைய ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. செய்தி முடிந்த கையோடு அவருடைய பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. செத்தவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நிற்பவர்போல அவ்வளவு தெளிவாகப் பாடுவார்.

நன்றாகப் பாடுகிறவர்கள் நெடுநாள் இருக்கமாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். யோசித்தால் அது பிழை. பாடத் தெரியாதவர்களும் இளவயதில் சாகிறார்கள்தான், அவர்களைப் பற்றி றேடியோவில் சொல்வதில்லை, அவ்வளவுதான். இது இப்போது விளங்குகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தர்மபுரத்தில் றோட்டோரம் வேப்பமரத்தின் கீழே சின்னக் கடை போட்டுச் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு அப்போது இதை யார் விளங்கப்படுத்துவது?

தொண்ணூறுகள் அவை. வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரியை ஆமிக்காரர் உள்ளே வர விடமாட்டார்கள். றேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லு நிலத்தில் முட்டாமல் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிட்டு ஒருவர் மிதிக்கவேண்டும். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். துக்கச் செய்தியையும் மிதித்துத்தான் கேட்டோம். காலை எடுத்தால் செத்தவரின் பாட்டும் நின்றுவிடும். அதனாலேயே நான் பாதியில் நிறுத்தமாட்டேன். அவரை இரண்டாம் தரம் சாகடித்ததுபோல இருக்கும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பகலில் கண்டாவளைப் பக்கம் கூலிக்கு நெல் அருவி வெட்டப் போவார். கோயில் திருவிழா என்றால் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலையை அழுத்தி வாரிக்கொண்டு மேடையில் ஏறுவார். ஓமந்தைப் பக்கத்திலிருந்துகூட ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். முப்பது வயது இருக்கும். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள்; இளையது கைக்குழந்தை. மேடையில் எங்களைப்போல 'வாங்கோ, இருங்கோ' என்று கதைப்பார். இறங்கியதும் மலைநாட்டு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

சைக்கிள் திருத்த என்னிடம்தான் வருவார். வந்தால் எனக்குப் படபடப்புத் தொடங்கிவிடும்.

"அண்ணை, பனிக்குள்ள தலையில ஒண்டும் கட்டாமல் நிண்டு பாடுறியள். காய்ச்சல் வரப்போகுது."

"வந்தா வந்துட்டுப் போகட்டும். அதுக்கும் பாட்டுக் கேக்க ஆசை இருக்காதா?"

"பகிடி விடாதேங்கோ. வீட்டில நுளம்பு வலை இருக்கோ?"

"ஒண்ணு இருக்கு. புள்ளைகளும் அவளும் படுக்குறாங்க. நான் வெளிய படுத்து நுளம்புக்குக் கச்சேரி வைக்கிறேன்."

"மழைக்க குளத்துக்கட்டால சைக்கிளில போறதும் நல்லதில்லை அண்ணை."

அவர் சிரித்துவிட்டுக் குந்தியிருந்த இடத்திலிருந்தே என் தோளில் தட்டினார். "டேய், என் சாவுல உனக்கு ஏன்டா இவ்வளவு அவசரம்? மொதல்ல டியூப்பை ஒட்டு."

அந்தக் கிழமைதான் றேடியோவில் இன்னொரு இளம் பாட்டுக்காரரின் சாவுச் செய்தி வந்தது. நான் மிதித்துக்கொண்டே கேட்டேன். அவருடைய பாட்டை நாட்டுக்கு நாடு போடுவார்கள், எங்கள் பாட்டுக்காரருக்கு ஏதும் நடந்தால் என்ன இருக்கும் என்று மனதில் தட்டியது. ஒன்றுமே இல்லை. ஒரு கசெற்றில்கூட இவர் குரல் கிடையாது.

என்னிடம் ஒரு பழைய ரேப் ரெக்கோடர் இருந்தது. நாலு பற்றரி வேண்டும். எப்போதோ செத்துப்போன நாலைத் தேடி எடுத்து, உப்புத் தண்ணீரில் அவித்து, கூரைத் தகரத்தில் மூன்று நாள் காயவைத்தேன். அப்போது எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவித்த பற்றரியில் ஒரு மணித்தியாலம் ஓடினால் பெரிய காரியம். பிறகு கோயில் திருவிழாவுக்குப் போய், பொழுது பட்டதும் மேடைக்குப் பக்கத்தில் இடம்பிடித்துப் பதிந்தேன். பற்றரி தீர்ந்துவிடுமே என்ற பயத்தில், பாட்டு முடிந்ததும் பொத்தானை அமத்தி நிறுத்திவிடுவேன். அவர் இடையில் சொன்ன பகிடிகள் ஒன்றும் பதியவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் மட்டும் என் சட்டைக்குள் ஒரு வண்டு போய்விட்டது. நான் துள்ளிய துள்ளலில் நிறுத்த மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து கசெற்றின் முதுகிலிருந்த இரண்டு காதையும் உடைத்தேன். உடைத்தால் மேலே வேறு ஒன்றும் பதிய முடியாது. பேப்பரில் சுற்றி, எறும்பு போகாத தகரப் பேணியில் போட்டு, வெயில் படாத மூலையில் வைத்தேன். ஒருதரம்கூடப் போட்டுக் கேட்கவில்லை. என்னுடைய ரேப் நாடாவைத் தின்னுகிற ரேப்.

அருவி வெட்டுக் காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் குளிசை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் ஆள் மாறிக் கதைக்கத் தொடங்கியதும் உழவு மெசினில் கிடத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. அடுத்த நாள் விடியப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

செத்தவீட்டுக்கு வந்த சனத்தின் சைக்கிள்கள் றோட்டின் இரண்டு பக்கமும் வேலிபோல நின்றன. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. நான் பயந்து பயந்து சொன்னதெல்லாம் அப்படியே நடந்துவிட்டது. நான் பயந்ததால்தான் நடந்ததோ? அவர் செத்துப்போவார் என்று நினைத்துத்தானே குரலைப் பதிந்து வைத்தேன். உயிரோடிருந்த மனிசனுக்கு முன்கூட்டியே திவசம் செய்ததுபோல அல்லவா அது?

அந்தப் பதற்றத்தில், கசெற்றைப் போட்டுக் கேட்டுப் பார்க்காமலே அவருடைய மனைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அக்கா, அண்ணையின்ர குரல் என்னட்ட இருக்கு. கசெற்றில."

அவா நிமிர்ந்து பார்த்தா. பாடுகிற மனிசன் எந்த நேரமும் வீட்டில் இருந்ததால் குரலைப் பிடித்து வைக்கவேண்டும் என்று அவாவுக்குத் தோன்றியதே இல்லை.

"கருமாதியன்னைக்குக் கொண்டாந்து போடுங்க தம்பி. நான் கேக்கணும். சின்னவளும் கேக்கணும், அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கப் போறதில்ல."

"ஓம் அக்கா, கட்டாயம்."

எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்களுக்கு முப்பத்தோராம் நாள்தான் அந்தியேட்டி. அதற்குள் ரேப்பின் உருளையைத் துடைத்து, பெல்ற்றை மாற்றி, வேறு கசெற் போட்டுச் சோதித்து, பிறகு இதைப் போடலாம் என்று அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்தேன். பதினாறாம் நாள் காலை லவுட்ஸ்பீக்கர்காரர் கடை வாசலில் வந்து சைக்கிளைச் சாய்த்தார். அவர்தான் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் மைக் செற் கட்டுகிறவர்.

"என்னடா இஞ்ச நிக்கிறாய்? அங்க சனம் உன்னைப் பாத்துக்கொண்டிருக்குது."

"ஏனண்ணை? இன்னும் ரெண்டு கிழமை இருக்கல்லோ?"

"அது உன்ர வீட்டுச் செத்தவீட்டுக்கு. அவையளுக்குப் பதினாறில கருமாதி. இவ்வளவு காலமும் பக்கத்துப் பக்கத்தில இருந்து என்னத்தைப் பாத்தனீ?"

பேணியோடு ஓடினேன். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். லவுட்ஸ்பீக்கர்காரர் காசு வேண்டாம் என்று சொல்லி மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரையும் தன்னுடைய நல்ல ரேப்பையும் கொண்டுவந்திருந்தார். நாடாவைத் தின்னாத ரேப் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அக்கா கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரேப் பெட்டிக்கு நேரே இருந்தா. லவுட்ஸ்பீக்கர்காரர் கசெற்றைப் போட்டார். பொத்தானை அமத்தினார்.

கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பாட்டுத்தான், ராகமும் தெரிந்தது. ஆனால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று யாரோ துரத்த ஓடிக்கொண்டே பாடுவதுபோல இருந்தது.

"அணில் பாடுது!" என்று ஒரு பிள்ளை சொன்னது. நாலைந்து பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரும் தங்களை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். லவுட்ஸ்பீக்கர்காரர் பட்டென்று நிறுத்தினார். "கசெற் பழுதுபோலக் கிடக்கு."

அக்கா குழந்தையை அள்ளித் தோளில் போட்டா. எழும்பி உள்ளே போனா. அந்தப் போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

சனம் சாப்பிட்டுக் கலைந்தது. நான் போகவில்லை, கிணற்றடியில் இருந்தேன். கசெற் பழுதாக வழியில்லை. பெட்டியும் நல்ல பெட்டி, கரண்டும் முழுக் கரண்ட். முழுக் கரண்ட்... அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பதிந்தது அவித்த பற்றரியில். ரேப்பின் மோட்டர் களைத்துப்போய் மெல்ல மெல்லத்தான் சுற்றியிருக்கும். மெல்லச் சுற்றிப் பதிந்ததை நல்ல வேகத்தில் ஓடவிட்டால் குரல் ஓடத்தானே செய்யும்! கசெற்றில் பிழையில்லை. கரண்டுதான் கூடிப்போயிற்று.

கடைக்குப் போய் என்னுடைய சைக்கிளையும் ரேப்பையும் கொண்டுவந்தேன். தின்னுகிற ரேப்தான். பெல்ற்றை மாற்றக்கூட நேரமிருக்கவில்லை, உருளையைச் சாரத்து நுனியால் துடைத்தது மட்டும்தான். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி வயரைக் கொடுத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"வேணாம் தம்பி. புள்ளைக மறுபடி சிரிக்கும்."

"இல்லையக்கா, இந்தமுறை வேகத்தைக் குறைக்கிறன். எந்த வேகம் எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லோணும்."

அவா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் இருந்தா. நான் மிதித்தேன். அணில் பாடியது.

"கொறைங்க."

குறைத்தேன். அணில் பையனானது.

"இன்னும் கொறைங்க. இன்னும்... இல்ல, இப்ப ரொம்பக் கொறைஞ்சிருச்சு, பூதம் மாதிரி இருக்கு. கொஞ்சம் கூட்டுங்க. கொஞ்சம்." சட்டென்று கையை உயர்த்தினா. "ஆமா. இதான். இப்ப அவருதான்."

அவர்தான். முற்றத்தில் எச்சில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து நின்றார்கள். லவுட்ஸ்பீக்கர்காரர் வயர் சுற்றுவதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார்.

இரண்டாம் பாட்டில் குரல் திரும்பவும் மெல்லிசானது. பற்றரி இறங்க இறங்கப் பதிந்தது அல்லவா, ஒவ்வொரு பாட்டுக்கும் நான் இன்னும் மெதுவாகப் போகவேண்டியிருந்தது. வேகமாக மிதிப்பது லேசு. மெதுவாக, ஒரே சீராக மிதிப்பதற்குத்தான் கால் நடுங்கும். நாடா எந்த நேரத்தில் சிக்குமோ என்று எனக்குக் கண் முழுக்கப் பெட்டியில். அக்கா என்னைப் பார்க்காமலே கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினா.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அந்த இடம் வந்தது. வண்டு என் சட்டைக்குள் போன இடம். "டேய் தம்பி, அந்த லைட்டை அந்தப் பக்கம் திருப்புடா. பூச்சி வாய்க்குள்ள போவுது!" அவருடைய வீட்டுப் பேச்சு. பிறகு ஒரு சின்னச் செருமல். அக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டா. பாட்டுகளுக்கு அழாதவ அதற்கு அழுதா.

"அதை மறுபடி போடுங்க."

பொத்தானால் திருப்பினால் ரேப் தின்றுவிடும். கசெற்றை வெளியே எடுத்து, சில்லுக்குள் பேனையை விட்டுக் கையால் சுற்றித் திருப்பிப் போட்டேன். ஐந்து தரம். ஐந்தாம் தரத்தில் குழந்தை பெட்டியைக் கையால் அடித்துச் சிரித்தது.

அப்போதுதான் என் மனதில் கிடந்ததைச் சொன்னேன். "அக்கா, அண்ணை செத்துப்போவாரெண்ட பயத்திலதான் நான் இதைப் பதிஞ்சனான். அப்பிடி நினைச்சது பிழை."

அவா குழந்தையின் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தா. "அந்தப் பயம் எனக்கு வந்திருந்தா நானும் பதிஞ்சிருப்பேன் தம்பி. எனக்கு வரல."

போகும்போது கசெற்றை நீட்டினேன். வாங்கவில்லை. "இங்க இருந்தா புள்ளைக நாசமாக்கிரும். நீங்களே வச்சிருங்க. எல்லாத்துக்கும் பயப்படுற ஆளு நீங்கதானே."

வேகம் மறந்துவிடக்கூடாது என்று கசெற் மட்டையில் எழுதி வைத்தேன். முதற்பாட்டு: வெறும் சைக்கிள், வரம்புப் பாதை. மூன்றாம் பாட்டு: பின்னுக்கு ஆள். கடைசிப் பாட்டு: நெல்மூட்டையோடு குளத்துக்கட்டு ஏற்றம்.

பிறகு வவுனியாவுக்குப் போய்வரத் தொடங்கிய லவுட்ஸ்பீக்கர்காரர், அங்கே கடையில் கொடுத்தால் சரியான வேகத்துக்கு மாற்றிப் பதிந்து தருவார்கள் என்றார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பையைக் கொட்டிப் பார்ப்பார்களே, கசெற்றைப் பறித்தால்? நான் மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம். நீங்க வந்து மிதிங்க."

ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்குச் சைக்கிளோடும் பேணியோடும் போனேன். ஒருமுறை, முழங்கால் நோவோடு போயிருந்தேன், மெதுவாக மிதிப்பது பெரிய வில்லங்கமாக இருந்தது. இரண்டாம் பாட்டில் என்னை அறியாமல் கால் ஓடிவிட்டது. தகப்பனின் முகமே தெரியாத இளையவள், அப்போது ஐந்து வயது இருக்கும், பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் குந்தியிருந்தவள், திரும்பி என்னை முறைத்தாள்.

"மாமா, மெதுவா! அப்பா சின்னப்புள்ளையாப் போறாரு."

தாய் செய்ததுபோலவே கையைத் தாழ்த்திக் காட்டினாள். நான் அந்தக் கையைப் பார்த்துக் காலைக் குறைத்தேன்.