இருபத்திரண்டாவது வில்லை

கத்தியைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிறகுதான், ஏரிச் சேற்றை ஆராயும் சேத்தக்கா அடுத்த வில்லையை வெட்டுவார். ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த சேற்றுத் தூண் மேசையில் கிடக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வில்லை. மேலே புதுசு, கீழே பழசு. குழாயை உரசி வந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிடுவார். மிச்சத்தில் ஒரு துளியை முன்பற்களுக்கு நடுவே வைத்து, மணல் நறநறக்கிறதா என்று பார்ப்பார். "காலை டிபனே எனக்கு இதுதான்" என்பார், சிரிக்காமல்.

பிறகு நுண்ணோக்கி. சேற்றில் புதைந்த நீர்ப்பூச்சி ஓடுகளை எண்ணுவார், வில்லைக்கு நானூறு. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஏரி பச்சையாய்க் குழம்பிப் போனதற்கு ஊரே மேட்டுச் சலவைக்கூடத்தைத்தான் கரித்துக்கொட்டியது. அதை மூடச் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து, மீனவர் சங்கத் தலைவரான சேத்தக்காவின் அண்ணனுடையது. கூடத்தில் முப்பத்தெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

ஆய்வகம் கணித்துத் தந்த வில்லைகளின் வயதுப்படி, சலவைக்கூடம் வந்தது பன்னிரண்டாவது வில்லையில். பாசியைத் தின்னும் பெரிய பூச்சிகளோ அதற்கும் கீழே, இருபத்திரண்டிலேயே அற்றுப்போயிருந்தன. அண்ணன் ஏரியில் வெளியூர் மீன்குஞ்சுகளை விட்ட ஆண்டு அது. மீன் பூச்சியைத் தின்றது. தின்ன ஆளில்லாமல் பாசி மண்டியது. அக்கா மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் அதே கணக்கு. அண்ணனை வரச்சொல்லி அனுப்பினார்.

"கத்தியில மேல் சேறு ஒட்டியிருக்கும்மா" என்றார் அண்ணன், நின்றபடியே.

"நான் கழுவாம வெட்டி நீ பார்த்திருக்கியாண்ணே?"

"நாலு தெரு வயிறு நிறையட்டும்னுதானே விட்டேன்?"

"தெரியும். அந்த மீனைத் தின்னுதான் நானும் வளர்ந்தேன்."

"அந்த ஒரு வில்லை மட்டும் கெட்டுப்போச்சுன்னு எழுதிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அக்கா எழுந்து, தன் முக்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "நீயே எண்ணு."

அண்ணனுக்கு வலையில் ஓட்டை தேடும் கண். நுண்ணோக்கிமேல் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"பெருசு ஒண்ணுகூடக் காணோமே."

"இல்லண்ணே."

"அறிக்கையில என் பேரு வருமா?"

"ஆண்டு மட்டும்தான். மனுவை என்ன பண்றதுங்கிறது உன் பாடு."

அக்கா பேனாவை எடுத்து, அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'மீன் விடப்பட்டது' என்று எழுதி, பக்கத்தில் ஆண்டையும் எழுதினார். பிறகு, அண்ணன் தலைகீழாகப் படிக்க வேண்டாமென்று, தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.