வெளுப்பு மாஸ்டர்

கேமராவின் கண்ணாடியில் வாயைக் குவித்து ஊதி, சட்டை நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்படி மட்டும் யாரும் துடைச்சிடாதீங்க, கீறல் விழுந்திடும்" என்கிறார் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இப்படித்தான் தொடங்கும். படம் எடுக்கப் பழக வந்த ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

மாடிப்படி ஏறியதும் ஸ்டூடியோ. ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டி விட்டிருப்பதால் எந்த உடம்புக்கும் பொருந்தும். கண்ணாடிக்குப் பக்கத்தில் சீப்பு. யாரும் எடுத்துப் போய்விடாதபடி சங்கிலி போட்டிருக்கிறார். எதிர்ச் சுவரில் அவருடைய படம். மாஸ்டர் நல்ல கறுப்பு. படத்தில் இருப்பவரோ சுண்ணாம்பு அடித்த சுவர். புதிதாக வருகிறவர்கள் "உங்க அண்ணனா சார்?" என்று கேட்பார்கள். அவர் மறுப்பதில்லை.

வெளிச்சத்தைப் பற்றியும் நிழலைப் பற்றியும் அவர் சொன்னது மொத்தமாக அரை வகுப்புகூட இருக்காது. மற்றதெல்லாம் கணினியில் மவுஸை வலப்பக்கம் இழுத்து முகத்தை வெளுக்கிற வித்தைதான். யாரையும் கேட்டுச் செய்வதில்லை. கைக்குழந்தையைக்கூட விட்டுவைக்கமாட்டார். "கடவுள் அவசரத்துல விட்டதை நாம சரி பண்றோம், அவ்வளவுதான்" என்பார். கடவுளுக்கே திருத்தம் போடும் அந்தத் துணிச்சலுக்காக அவரை மெச்சியிருப்பேன். ஆனால் திருத்தம் எப்போதும் ஒரே திசையில்தான் போகிறது. சிவந்த முகம் எதையும் அவர் கறுப்பாக்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

போன ஞாயிறு வகுப்பின் நடுவில் ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். வேலைக்கான தேர்வு எழுதப் போனவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். தேர்வுச் சீட்டில் இருப்பது அவள் இல்லை என்று காவலர் சாதித்திருக்கிறார். படம் இங்கே எடுத்தது. அழுது கெஞ்சியதில், மறுநாள் எழுதுகிறவர்களோடு உட்கார இடம் தந்திருக்கிறார்கள். சரியான படத்தோடு வரவேண்டும். அதுவும் தவறினால் வேலை போயிற்று.

மாஸ்டர் வருத்தம் தெரிவிப்பார் என்று பார்த்தேன். அவருக்கோ மனம் புண்பட்டுவிட்டது. நல்லது செய்யப்போய் கெட்ட பெயரா என்று முனகினார். இந்த நிறத்தோடு படம் கொடுத்தால் எவன் வேலை கொடுப்பான் என்று அவளிடமே கேட்டார்.

"சார், என் மூஞ்சி என் மூஞ்சி மாதிரி இருந்தா போதும்" என்றாள் அவள்.

முன்வரிசையில் இருந்த தையல்கார அக்கா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "மாஸ்டர், உங்க மார்பளவை நானே நாலு அங்குலம் குறைச்சு எழுதிட்டு, அழகாத்தானே தைச்சிருக்கேன்னு சொன்னா நீங்க அந்தச் சட்டையைப் போடுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, முகவாயைத் தொட்டு நிமிர்த்தி, படம் எடுத்தார். கணினிக்கு முன் அவர் உட்கார்ந்ததும் அவள் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பழக்க தோஷத்தில் அவருடைய கை மவுஸை நோக்கிப் போயிற்று.

"வேணாம் சார். கையை எடுங்க."

எடுத்தார். படம் அச்சாகி வந்தது. அகலமான நெற்றி, தூங்காத கண்கள், அவளேதான். ஈரம் காய ஒருமுறை வீசிவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவர் எடுத்த படங்களிலேயே இதுதான் உருப்படியான படம் என்று எனக்குத் தோன்றியது.

அவள் முகம் திரையில் அப்படியே இருந்தது. மாஸ்டர் படிக்கட்டுப் பக்கம் காதைத் தீட்டி, செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிக் கரையும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் கிட்ட வாங்க. இந்த மாதிரி ஒண்ணு வந்தா எப்படிக் காப்பாத்தறதுன்னு காட்டறேன்."

கறுத்த விரல்கள் மவுஸை வலப்பக்கம் இழுக்கத் தொடங்கின.