முதல் வரியில் ஒரு சுழி

உ

இதை எழுதலாமா என்று சில வருடங்களாகவே தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி நெல் பயிரிடுகிறவன் இணையத்தைப் பற்றி எழுதினால் சிரிக்க மாட்டார்களா? ஆனாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை. காலை ஏழே முக்காலுக்கு அம்பகரத்தூர் அம்மன் வாசலில் சூடம் ஏற்றிவிட்டு, மகள் கமலியோடு காரைக்கால் பஸ் ஏறினேன். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த அவள், இணையப் பக்கம் உருவாக்கும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று நின்றாள். நர்சிங் என்றால் எனக்குத் தெரியும். இது என்ன வேலை? காரைக்காலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பயிற்சி என்றார்கள். "வந்து பாக்குறேன். மனசு ஒப்பலைன்னா நர்சிங்தான்" என்று சொல்லியே கிளம்பினேன்.

பஸ்ஸில் திருநள்ளாற்றுக் கூட்டம். நாங்கள் கோவிலுக்குப் போகவில்லை என்றதும் கண்டக்டர், "சனிக்கிழமையில நள்ளாறைத் தாண்டிப் போறது நீங்க ரெண்டு பேருதாங்க" என்று சிரித்தார். கமலி சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் நஸ்ரின் என்ற காரைக்கால் பெண். வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இணையப் பக்கம் செய்து தருகிறாராம். பெற்றவர்களையும் பின்னால் உட்காரச் சொன்னார். கமலி எங்கள் அம்மன் கோவிலுக்கு வருகிறவர்களுக்காக பஸ் நேரம், நடை திறக்கும் நேரம் எல்லாம் போட்டு ஒரு பக்கம் செய்தாள். குங்கும நிறத்தில் வரவேண்டியது வெள்ளையாகவே நின்றது. மற்ற பிள்ளைகளின் திரைகளிலெல்லாம் நிறம் வந்துவிட்டது. மதியம் வரை அழித்து அழித்து எழுதினாள். பிறகு திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

அம்மனே வேண்டாம் என்கிறாள் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "எழுந்திரும்மா, போவோம்" என்றேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்று நஸ்ரின் வந்து குனிந்தார். நிறங்களைச் சொல்லும் பகுதியின் முதல் வரியில் கமலி பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். சுழி போடாமல் எதையும் எழுதக் கூடாது என்று பழக்கியவன் நான். கம்ப்யூட்டர் அதையும் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வந்த நிறத்தை விட்டுவிட்டதாம்.

பக்கத்துப் பெண், "பிள்ளையாரு கலரைத் தின்னுட்டாருடி" என்றாள். கமலி சுழியை அழிக்கப் போனாள்.

நஸ்ரின் அவள் கையைத் தடுத்தார். "அழிக்காதம்மா. ரெண்டு பக்கமும் இந்தக் குறியைப் போடு. கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போயிடும், நமக்கு மட்டும் தெரியும்." தன் கம்ப்யூட்டரில், தான் செய்துகொண்டிருந்த வேலையையும் திறந்து காட்டினார். முதல் வரியில், அதே குறிகளுக்கு நடுவே, 786 என்று இருந்தது.

கமலி குறியைப் போட்டாள். திரை முழுக்கக் குங்கும நிறம். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன்.

திரும்பும் பஸ் திருநள்ளாற்றைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "நர்சிங்காப்பா?" என்றாள்.

"உன் வேலையில சாமிக்கு எடம் இருக்குன்னு பாத்துட்டேன். அதையே படி" என்றேன்.

இப்போது அவளுக்கு அதுதான் வேலை. ஆசைப்படுகிற பிள்ளையை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ஒரு வார்த்தையும் மாற்றாமல், மேலே நான் போட்ட சுழியையும் எடுக்காமல்.