நிலக்கோட்டை வழியில் ஒரு நீல மூடி கேன்

காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே, நான் வாடகைக்குப் பேசியிருந்த சிக்கந்தர் வண்டியோடு நின்றார். பதினோரு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, போன மாசம்தான் சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருக்கிறார். "அக்கா, கதவை மெல்லமா சாத்துங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வயசுக்கு மேல் கதவு சாத்த எனக்குச் சொல்லித்தர வேண்டுமா!

பெரிய திட்டம் ஒன்றுமில்லை. சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிப் புடவை, கொடைரோட்டில் சாப்பாடு, நிலக்கோட்டையில் பூ மார்க்கெட், சாயங்காலம் தஞ்சாவூருக்குத் திரும்ப பஸ். சின்னாளப்பட்டி பதினோரு கிலோமீட்டர்தான். எண்ணூற்றைம்பது ரூபாய்க்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை எடுத்தேன். கொடைரோட்டில் பொங்கல் நன்றாக இருந்தது, காப்பி சகிக்கவில்லை.

அங்கிருந்து கிளம்பும்போதே டீசல் முள் அடியில் கிடந்தது. கேட்டேன். "அது அப்பிடித்தான்க்கா காட்டும். நிலக்கோட்டை பங்க்ல போட்டுக்குவோம்" என்றார். நானும் சும்மா இல்லாமல், மல்லிகைத் தோட்டம் பார்க்கணும், உள்ரோட்டில் விடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். நாலு கிலோமீட்டர் உள்ளே போனதும் வண்டி இரண்டு தரம் உதறிவிட்டு நின்றே போனது.

பத்து மணி வெயில் சுள்ளென்று இருந்தது. இரண்டு பக்கமும் மல்லிகைச் செடிகள் கவாத்து முடிந்து மொட்டையாக நின்றன. மார்கழியில் கிளைகளை வெட்டிவிட்டால்தான் மாசி, பங்குனியில் பூ கொட்டுமாம். மோட்டார் கொட்டகையிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் முத்தையா, தோட்டத்துக்குச் சொந்தக்காரர்.

"டீசல் தீந்துபோச்சா? அம்புட்டுத்தானே! இஞ்சினுக்கு ஊத்துறது இருக்கு, தாரேன் இருங்க" என்று உள்ளே போய் நீல மூடி போட்ட ஒரு கேனைத் தூக்கிவந்தார். தண்ணி பாட்டிலைக் குறுக்கே வெட்டிப் புனல் செய்தார்கள். சிக்கந்தர் குனிந்து பார்த்து, "மஞ்சளாத்தான் இருக்கு, ஊத்துங்கண்ணே" என்றார். மூன்று லிட்டர் போலப் போயிருக்கும். பேன்ட்டின் பின்பக்கம் கையைத் துடைத்துக்கொண்டு சிக்கந்தர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

புனலை வாங்கிவைக்கப்போன என் புறங்கையில் நாலு சொட்டு விழுந்தது. ஜில்லென்றது. அடுத்த நொடி சொட்டைக் காணோம். டீசல் என்றால் பிசுபிசுவென்று கையிலேயே கிடக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல்!

"சாவியைத் தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் கொட்டகை மேலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு டீசல் வண்டிக்கு ஒருமுறை பெட்ரோலை ஊற்றிக் கிளப்பி, பம்ப்பும் இஞ்செக்டரும் சேர்ந்து நாசமாய்ப் போனதைப் பார்த்தவள் நான். கிளப்பக்கூட வேண்டாம், சாவியைத் திருகினாலே போதும், உள்ளே இழுத்துவிடும். சிக்கந்தரின் கை சாவியில்தான் இருந்தது. சுட்டதுபோல எடுத்துக்கொண்டார்.

"யா அல்லா! மஞ்சளாத்தானேக்கா இருந்துச்சு!"

முத்தையா கேனை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். டீசலின் வெளிர் மஞ்சள் இல்லை அது, கொஞ்சம் பழுப்பு. மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து வைப்பார்களாம். பெட்ரோலின் ஆரஞ்சும் ஆயிலின் பச்சையும் கலந்து இந்த நிறம் வந்திருக்கிறது. வெள்ளைக் கேன் இரண்டும் ஒரே அச்சு. நீல மூடி டீசல், சிவப்பு மூடி பெட்ரோல் என்பதுதான் அவர் கணக்கு. "நேத்து அந்திக்கு ரெண்டையும் தொறந்தேன். இருட்டுல மூடிய மாத்திப் போட்டுட்டேன் போலருக்கு..." என்றவர், பேச்சை அப்படியே நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ. பாண்டியம்மா!"

அவர் சம்சாரம். வெட்டிய கிளைகளைக் கொளுத்தப் போயிருக்கிறாள். பனியில் நனைந்த குச்சி டீசல் ஊற்றாமல் பற்றாது என்று இந்த நீல மூடி கேனிலிருந்துதான் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனாளாம். டீசல் என்றால் மெல்லப் பிடிக்கும், பக்கத்தில் நின்றே கொளுத்தலாம். பெட்ரோல் அப்படியா?

"போன் போடுங்க!" என்றார் சிக்கந்தர்.

"அவ போனு கொட்டகையில கெடக்குய்யா!"

அவர் ஓடினார். சிக்கந்தர் ஓடினார். செருப்பை உதறிவிட்டு நானும் ஓடினேன். மொட்டைக் கிளைகள் காலைக் கிழித்தன. கடைசி வயலின் மூலையில் ஆள் உயரக் குவியல் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு பெண் குனிந்து, இரண்டு கையையும் குவித்து நின்றாள். முத்தையா மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருந்தார். கத்தியது சிக்கந்தர்தான்: "அக்கா! கொளுத்தாதீங்க! அது பெட்ரோலு!"

அவள் நிமிர்ந்தாள். தீப்பெட்டி ஒரு கையில், குச்சி ஒரு கையில். காலடியில் கருகிய குச்சிகள் இரண்டு கிடந்தன. காலி பாட்டில் பக்கத்தில் உருண்டு கிடந்தது.

"ரெண்டு குச்சி உரசிட்டேன், காத்து அணைச்சுப்புடுச்சு" என்றாள், ஏதோ சண்டைக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முத்தையா தீப்பெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு அவளைப் பிடித்து வைய ஆரம்பித்தார். "மோந்து பாக்க மாட்டியா? மூக்கு என்னத்துக்கு இருக்கு உனக்கு?"

"மூடிய மாத்துனது நீயி. என்னைய ஏன்யா வையிற?"

அவர் அவளுடைய முந்தானையைப் பிடித்து முகர்ந்தார். பிறகு கொசுவத்தின் அடியை. அங்கேயே மடிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வரை புடவை பெட்ரோலில் நனைந்திருந்தது.

வண்டி பிழைத்தது. நிலக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்த மெக்கானிக், "சாவி போடலைல? அப்பப் பயமில்ல" என்று டியூபைக் கழற்றி டேங்கை முழுக்க வடித்தார். சிவப்பு மூடி கேனில்தான் நிஜ டீசல் இருந்தது. அதில் கொஞ்சம் விட்டு அலசி, மிச்சத்தை ஊற்றி, ஃபில்டர் மாற்றி, கையால் பம்ப் அடித்துக் காற்றை எடுத்தார். ஒரு மணிக்கு இஞ்சின் கிளம்பியது. சிக்கந்தர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பூ மார்க்கெட் அதற்குள் முடிந்திருக்கும். எனக்கு அந்த நினைப்பே இல்லை.

சொல்லிக்கொண்டு கிளம்ப, கொட்டகையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். பாண்டியம்மா வேறு புடவை மாற்றிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முத்தையா கீழே குந்தி அவள் காலில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை எப்போதோ போய்விட்டது.

"போதும்யா, வெளியாளு நிக்கிது" என்றாள் அவள் கூசிப்போய்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து அவள் பாதத்தை முகர்ந்து பார்த்தார். மறுபடி ஒரு செம்பு மொண்டார்.