சோழவந்தானுக்கு ஒரு குழந்தையைத் தேடிப் போனது

போன வாரம் புதன்கிழமை சோழவந்தான் போய்வந்தேன், சுற்றிப் பார்க்க அல்ல. மதுரையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று மிஷின் வைத்துப் பார்ப்பார்கள். சந்தேகமுள்ள குழந்தையை மூன்று மாதம் முடியும்போது மறுபடி வரச்சொல்லிக் கடிதம் போகும். வராதவர்களுக்கு நேராக ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பாதிப் பேருக்கு மேல் இதையேதான் அடிக்கிறேன். இத்தனை பேருக்குமா பெற்ற பிள்ளை மேல் அக்கறை இல்லை? மீட்டிங்கில் கேட்க வாய் வரவில்லை. பெரிய நர்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டு, வராத ஒரு குழந்தையின் விலாசத்தை எடுத்துக்கொண்டு, லீவு போட்டுக் கிளம்பினேன்.

ஃபாரத்தில் இருந்த விலாசம் மதுரை சிம்மக்கல். காலையில் போவதானால் ஆட்டோ வேண்டாம். சரக்கு இறக்கும் லாரிகளுக்கு நடுவே அது நகராது. வீட்டில் குழந்தையின் தாய்மாமன் இருந்தார். “தங்கச்சி மூணாம் மாசமே சோழவந்தானுக்கு, புருசன் வீட்டுக்குப் போயிருச்சும்மா. அதுக்கப்புறம் ஒரு காகிதம் வந்துச்சு, இங்கிலீசுல. பில்லு பாக்கி போலன்னு எடுத்து வச்சிட்டேன்.”

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பிப் போவாள். இது மதுரையில் யாருக்குத் தெரியாது? ஃபாரம் அச்சடித்தவர் வீட்டிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? ஆனால் அதில் விலாசத்துக்கு ஒரே கட்டம். அவள் கிளம்பிப்போன வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டு, அக்கறை இல்லை என்கிறோம்.

சிம்மக்கல்லிலேயே பஸ் ஏறினேன். மேலக்கால் வழி, ஒரு மணி நேரம். சில்லறை கொண்டுபோங்கள். ஐம்பது ரூபாயை நீட்டியதற்குக் கண்டக்டர், “பஸ்ஸையே வெலைக்கு வாங்கப் போறியா தாயி?” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கிருந்த கோபத்தில் வெட்கப்படக்கூட மறந்துவிட்டது.

வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீடு. குழந்தையின் அம்மா பெயர் செல்வி என்று வைத்துக்கொள்வோம், என் வயதுதான் இருக்கும். மடியில் எட்டு மாதப் பையன். வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. குக்கர் விசிலுக்குக்கூட அவன் அசைவதில்லையாம். சாதுப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சுகிறார்களாம். ஆஸ்பத்திரியில் என்ன எழுதியிருக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“நான் வீடுதானக்கா மாறுனேன். ஊரை விட்டா ஓடிப்போனேன்? இவன் அப்பாகிட்ட செல்லு இருக்கே, ஒருத்தராச்சும் நம்பர் கேட்டாகளா?”

கேட்கவில்லை. ஃபாரத்தில் அதற்கும் இடமில்லை.

அன்றே என்னோடு பஸ் ஏறினாள். மறுநாள் பரிசோதனை முடிந்தது. இரண்டு காதும் மோசம், காது கேட்கும் மிஷின் மாட்ட வேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றார்கள். பேசுவானா என்று கேட்டாள். பேசுவான், ஆனால் பிந்தும், முன்பே வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார் டாக்டர். அதையும் தப்பு அவளுடையது போல அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

இப்படி வீடு தேடிப் போகிறவர்களுக்கு: சோழவந்தான் பஸ் காலையில் அடிக்கடி உண்டு, மத்தியானத்துக்கு மேல் காத்திருக்க நேரும். ஆனால் இந்தப் பயணமே தேவைப்படாமல் செய்யலாம். பிரசவ வார்டிலேயே கேளுங்கள்: எந்த வீட்டிலிருந்து வந்தாய், எந்த வீட்டுக்குப் போவாய், எப்போது போவாய், அங்கே யாரிடம் போன் இருக்கிறது. கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனதும் செல்வியின் பையனுக்கு நேரே இருந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, ‘நாம் கூப்பிடவே இல்லை’ என்று அடித்தேன். மேலதிகாரி பழையபடி மாற்றச் சொல்லியிருக்கிறார். இதுவரை மாற்றவில்லை.