நண்டு முத்திரை

மவுஸைக் குப்புறத் திருப்பி, அடிமூடியைக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றி, உள்ளே இருந்த ரப்பர் உருண்டையை உள்ளங்கையில் தட்டி எடுத்தன அந்தக் கைகள். புறங்கை முழுக்கக் கொதி எண்ணெய் தெறித்த தழும்புகள். வலது சுட்டுவிரலில் நகம் பாதிதான் இருந்தது. உருண்டையைக் காக்கிக் கால்சட்டையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஊக்கை எடுத்து, மவுஸுக்குள் இருந்த சின்ன உருளைகளில் படிந்த அழுக்கைச் சுரண்டின. ஊதி, மூடி, மேசைமேல் வைத்து, ஒருமுறை நீளமாக இழுத்துப் பார்த்தன. திரையில் அம்புக்குறி தடுக்காமல் ஓடியது. அதற்குப் பிறகுதான் உலையைப் பற்றவைத்தன.

உலை திரைக்குள் இருந்தது. இரும்புக் கட்டியை அதில் போட்டதும் அது கறுப்பிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும் மாறிக்கொண்டே போனது. மற்றவர்கள் என்றால் வெள்ளையாகப் பழுக்கும்வரை விட்டுவிட்டு எண்ணெயில் தள்ளுவார்கள். கத்தியின் பலத்தைக் காட்டும் எண் அப்போதுதான் அதிகம் வரும். இந்தக் கைகள் ஆரஞ்சிலேயே எடுத்து எண்ணெயில் இறக்கின. பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தன. ஆறிய கத்தியை மறுபடியும் உலையின் ஓரத்தில் வைத்து, வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் வாட்டின. கத்தியின் எண் நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியது.

“ஐயோ, கொறையுது கொறையுது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“கொறையட்டும். வாட்டாம வுட்டா மந்திரம் ஏத்தும்போது வெடிச்சிடும்” என்றார் அப்பாவு.

அப்பாவு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இரும்பைப் பதப்படுத்தும் வேலை பார்த்தார். அயனம்பாக்கத்தில் பிறந்தவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பட்டறையில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் பன்ச் உண்டு. பதம் போட்டு முடித்ததும் அதை உருப்படியின் அடியில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். பின்னால் விரிசல் விட்டால் யார் போட்ட பதம் என்று தெரிய வேண்டும் அல்லவா? எண் இல்லாத உருப்படி நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். அப்பாவுவின் எண் ஏழு. பதினைந்து வருடத்தில் சூப்பர்வைசர் அவர் பெயரைக் கற்றுக்கொள்ளவில்லை. “ஏய் ஏழு, இன்னா தூங்கினு கீறியா?” என்றுதான் கூப்பிடுவார். டீ வாங்கிவரும் ஆள்கூட, “ஏழுக்குச் சர்க்கரை கம்மி” என்பான்.

1998இல் அம்பத்தூர் ஓ.டி.யில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், பரந்தாமன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். காலையில் பாடம் நடக்கும். மாலையில் ஐந்து மெஷினையும் ஒயரால் இணைத்து விளையாட்டு. ஒரு கோட்டை, அதைச் சுற்றிக் காடு, குகை, பேய் பிசாசு. ஐந்து பேர் சேர்ந்து போய்ச் சண்டை போடலாம். அந்த ஆட்டத்தில் செத்தால் செத்ததுதான். ஆளின் பெயர் பட்டியலிலிருந்தே அழிந்துவிடும். மறுபடி ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டும். ஆயுதமோ கவசமோ கடையில் வாங்கினால் தகரம். நல்லது வேண்டும் என்றால் யாராவது உட்கார்ந்து செய்து, மந்திரம் ஏற்றித் தர வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை.

ஃபேன் ரிப்பேர் செய்யும் நண்பரோடு வந்த அப்பாவு அந்த உலையைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து ஷிப்ட் முடிந்ததும் நேராக அங்கே வந்தார். ஆட்டத்தில் தன் ஆளாக ஒரு கொல்லனை உருவாக்கி, கோட்டை வாசலுக்குள் பட்டறை போட்டுக்கொண்டார். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து கூட்டமாக வரும் மனோகரனும் நண்பர்களும் அவர் செய்த கத்திக்காகவே மற்ற சென்டர்களை விட்டு இங்கே வந்தார்கள். அதனால் பரந்தாமன், வாசலோர மெஷினில் அவரைக் காசு வாங்காமலே உட்காரவிட்டார்.

கத்தி முடிந்ததும் ஆட்டம் ஒரு கேள்வி கேட்கும்: உன் முத்திரையைப் பதிக்கவா? பதித்தால், மிச்ச உயிரின் அளவைக் காட்டும் உயிர்க்கோட்டில் செய்தவனுக்கு ஒரு துளி குறையும். அதனால் யாரும் பதிப்பதில்லை. அப்பாவு முதல் கத்தியிலேயே பதித்தார். முத்திரைகளில் எண் இல்லை, படங்கள்தான் இருந்தன. நண்டைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பிறகு செய்த எல்லாவற்றிலும் நண்டுதான். இரண்டு தீபாவளி போவதற்குள் அவருடைய கொல்லனின் உயிர்க்கோடு எரிந்த தீக்குச்சிபோலக் குறுகிவிட்டது. ஒரு அடி தாங்காது. தாங்கத் தேவையும் இல்லை. கோட்டைக்குள் யாரும் யாரையும் வெட்ட முடியாது, அவர் வெளியே போவதும் இல்லை.

“எதுக்கு மாஸ்டர் ரத்தத்தக் கொட்டிக் கொட்டி நண்டு போடுற?” என்று மனோகரன் கேட்டான். பாலிடெக்னிக் மூன்றாம் வருடம். சிரிக்கும்போது எதிராளியின் கண்ணையே பார்த்துச் சிரிப்பான்.

“யார் செஞ்சதுன்னு தெரிய வாணாவா?”

“நண்டு மாஸ்டர்டா டோய்!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுவும் சிரித்தார். மாஸ்டர் என்ற சொல்லை அவர் வீடுவரை கொண்டுபோனார். அங்கே அது எடுபடவில்லை.

“டிவி பொட்டிக்குள்ள கத்தி செய்றாராம், கத்தி” என்றாள் அவர் மனைவி பொன்னம்மாள். “ஊட்ல அருவாமனை ஆடிக்கினு கீது. அதுக்கு ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல.”

2000ஆம் வருடம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அது நடந்தது. மனோகரனின் நண்பன் தசரதன் எப்போதோ ஒரு பிச்சுவா செய்து, கேள்வியைப் படிக்காமல் பொத்தானை அழுத்தி, தன் முத்திரையைப் போட்டு மனோகரனுக்குக் கொடுத்திருந்தான். அன்று குகையில் பாம்பு கடித்துத் தசரதனின் ஆள் செத்தான். தசரதன் மேசையைக் குத்திக்கொண்டிருந்தபோதே மனோகரனின் திரையில் அந்தப் பிச்சுவா நீலமாக எரியத் தொடங்கியது. அடியிலிருந்த எண் இரண்டு மடங்கானது.

“இன்னாடா இது?”

ஒவ்வொருவராக எழுந்துவந்து பார்த்தார்கள். செய்தவன் செத்தால் அவன் முத்திரை போட்ட ஆயுதம் இரண்டு மடங்கு ஆகிறது. புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பிறகு தசரதன் தவிர மற்றவர்கள் அவரவர் மெஷினுக்குப் போய்த் தங்கள் கத்தியை, கேடயத்தை, தலைக்கவசத்தைத் திறந்து பார்த்தார்கள். எல்லாவற்றிலும் நண்டு.

நான்கு தலைகள் வாசலோர மெஷினைப் பார்த்துத் திரும்பின.

“மாஸ்டர்” என்றான் மனோகரன், மிக அன்பாக. “ஒரே ஒரு தபா வெளிய வந்துட்டுப் போயேன்.”

அப்பாவு கோட்டையைவிட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அந்த வாரம் முழுக்கவும் வரவில்லை. அவர்கள் கோட்டை வாசலுக்கு வெளியே நின்று, ஆட்டத்துக்குள்ளேயே கைதட்டிக் கூப்பிட்டார்கள். மனோகரன் மெஷினைவிட்டு எழுந்துவந்து அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

“பொம்மைதானே மாஸ்டர்? புதுசா ஆரம்பிச்சுக்கோ.”

“ரெண்டு வருசம்பா.”

“அதான், இன்னும் ரெண்டு வருசம் கழிச்சி மறுபடி சாவலாம். எங்களுக்கும் மறுபடி ஏறும். தசரதா, மாஸ்டர வருசா வருசம் அறுவடை பண்ணலாம்டா!”

“போகி மாரி” என்றான் தசரதன். தன் ஆள் செத்த கோபம் அவனுக்கு இன்னும் தீரவில்லை.

“அடுத்த ஆளுக்கு நான் முத்திரை போட மாட்டேன்” என்றார் அப்பாவு.

மனோகரன் குனிந்து அவர் காதருகே சொன்னான்: “போடுவ. உன்னால போடாம இருக்க முடியாது மாஸ்டர். அது உனக்கே தெரியும்.”

வார இறுதியில் பரந்தாமன் அவரை மாடிப்படிக்குக் கூட்டிப்போனார்.

“இன்னா அப்பாவு, சின்னப் பசங்ககூட வம்பு?”

“நான் இன்னா வம்பு பண்ணேன்? சும்மா என் எடத்துல ஒக்காந்துகினு கீறேன்.”

“அவனுங்க திருமுல்லைவாயல்ல தெறந்திருக்கிற புது சென்டருக்குப் போறேன்றானுங்க. போய்ட்டானுங்கன்னா இந்த எடமே இருக்காது. அப்புறம் நீ எங்க ஒக்காருவ?” பரந்தாமன் அவர் தோளைத் தட்டினார். “செத்துட்டுப் போ நைனா. நாளைக்கே புதுசா ஒண்ணு ஆரம்பி. நாற்காலி உன்னுதுதான், நான் கீறேன்.”

அப்பாவு திரும்பி உள்ளே வந்தபோது நால்வரும் அவர் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். அதற்குள் மனோகரன் ஒன்று யோசித்துவைத்திருந்தான்.

“இன்னிக்கு வாணாம் மாஸ்டர். மொதல்ல எனக்குப் பெருவாள் செஞ்சி குடு. செஞ்சி முடிச்சிட்டு சாவு. நீ போய்ட்டா அத யாரு செய்வா?”

பெருவாள் அந்த ஆட்டத்திலேயே பெரிய வேலை. அதுவரை அந்த சென்டரில் யாரும் செய்ததில்லை. ஏழு முறை மடித்து அடிக்க வேண்டும். மூன்று கற்களை உருக்கி மந்திரம் ஏற்ற வேண்டும். கடைசியில் கோட்டைக்கு வெளியே, வடக்கு வாசல் சுனையில் நனைத்தால்தான் மந்திரம் நிலைக்கும். வெளியே என்பதை மனோகரன் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவு வேலையைத் தொடங்கினார்.

வாள் முடியாதவரை கொல்லன் உயிரோடு இருப்பான். அதை அவர் முதல் நாளே கண்டுகொண்டார். மெதுவாக மடித்தார். கரி போதவில்லை என்றார், வாங்கிவந்தார்கள். கல்லில் கீறல் இருக்கிறது என்றார். திட்டிக்கொண்டே குகைக்குப் போய் வேறு கொண்டுவந்தார்கள். பட்டறையில் சூப்பர்வைசர், “ஏழு, எங்க பாத்துகினு கீற? உருப்படி பழுத்துப் போச்சு பாரு!” என்று முதன்முறையாக அவர் போட்ட பதத்தில் குறை சொல்லிக் கத்தினார். வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொன்னம்மாள், “யார்னா செத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றார். “இன்னும் இல்ல.”

“அப்ப துன்னு.”

மடிப்பை இழுக்கலாம், கரியை இழுக்கலாம். பதத்தை இழுக்க முடியாது. ஆரஞ்சு வந்தால் எண்ணெயில் இறக்கத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஆரஞ்சு வந்தது, இறக்கினார். வைக்கோல் நிறம் வந்தது, எடுத்தார். மந்திரம் மட்டும் மிச்சம் இருந்தது.

நால்வரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். பரந்தாமனும் வந்தார். கல் உருகத் தொடங்கியதும் வாளின்மேல் ஒளியாக ஒரு கோடு தோன்றும். பாம்புபோல வளைந்து வளைந்து முனைவரை ஓடும் அந்தக் கோட்டின்மேல், விரலை எடுக்காமல், மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டும். கோட்டைவிட்டு விலகினால் வாள் வெடித்துவிடும். வெடித்தால் எல்லாம் முதலிலிருந்து: இரும்பு, கரி, கற்கள், மடிப்பு. இன்னும் எத்தனையோ வாரம்.

அப்பாவு அதைத்தான் நினைத்து வைத்திருந்தார். முந்தின நாளே முடிவு செய்துவிட்டார். நடுவில் ஓரிடத்தில் கை நழுவும். தவறு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிழவனுக்குக் கை நடுங்குகிறது என்று ஏசுவார்கள். ஏசட்டும்.

கோடு தோன்றியது. இழுத்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. வாளின் நடுப்பகுதி வந்தது. இங்கே என்று நினைத்தார். மணிக்கட்டைத் தளரவிட்டார். அம்புக்குறி கோட்டின் விளிம்புக்குச் சரிந்தது.

விளிம்பைத் தொட்ட அதே கணத்தில் கை தானாகவே அதைத் திருப்பிக் கோட்டுக்குள் கொண்டுவந்தது. அவர் மறுபடி தளரவிட்டார். கை மறுபடி பிடித்தது. அதன் பிறகு அவர் சொல்வதை அது கேட்கவே இல்லை. முனைவரை முடி அளவுகூட விலகாமல் போய் நின்றது. வாள் தலைமுதல் அடிவரை வெள்ளி வெளிச்சத்தில் எரிந்தது. எண் நூற்றுப் பத்து என்று வந்தது.

“யப்பா!” என்றார் பரந்தாமன்.

தசரதன் விசில் அடித்தான். இவ்வளவு பெரிய எண்ணை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவுவும் பார்த்ததில்லை. ஒரு நொடி அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்து மனோகரன் சிரித்தான்.

திரையில் கேள்வி வந்தது: உன் முத்திரையைப் பதிக்கவா?

வேண்டாம் என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. மனோகரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்பாவு திரையில் கிடந்த வாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அடியில், பிடிக்கு மேலே, சின்னதாக ஒரு வெற்றிடம் இருந்தது.

பதித்தார். நண்டு விழுந்தது. உயிர்க்கோட்டில் இன்னொரு துளி போய், கண்ணுக்குத் தெரிகிற அளவு மட்டும் மிச்சம் நின்றது.

“நான் சொன்னேன்ல?” என்றான் மனோகரன் மற்றவர்களிடம். பிறகு நால்வரும் அவரவர் மெஷினுக்கு ஓடினார்கள். நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன.

கொல்லன் முதல்முறையாகக் கோட்டையின் வடக்கு வாசலைத் தாண்டினான். வெளியே புல் இருந்தது, மரங்கள் இருந்தன. அப்பாவு அவற்றை அதுவரை பார்த்ததில்லை. சுனைக்கரையில் நான்கு வீரர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள். தலைக்கவசம், மார்க்கவசம், கேடயம், கத்தி, எல்லாம் அவர் செய்தவை. கொல்லன் குனிந்து வாளைத் தண்ணீரில் நனைத்தான். மந்திரம் நிலைத்தது.

“குடு மாஸ்டர்” என்று கடைசி மெஷினிலிருந்து மனோகரன் குரல் கொடுத்தான். “கீழ கீழ போட்றாத. கைல குடு.”

அப்பாவு மவுஸால் வாளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நீட்டியிருந்த கையில் வைத்துவிட்டு விரலை எடுத்தார்.